கொம்பு வண்டைப் பிடிக்க எருக்குழியில் இறங்குங்கள்

தென்னை மரம் ஏறுவது என் தொழில். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், பாரூர், அரசம்பட்டி, போச்சம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் காய் வெட்டு, மட்டை கழிப்பது, கொண்டை சுத்தம் செய்வது எல்லாம் பார்க்கிறேன். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியில் மெஷின் வைத்து ஏறக் கற்றவன். ஆனி பிறந்து நாலு மழை விழுந்தால் போதும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும். “அண்ணா, மரத்துல வண்டு விழுந்திருச்சு, வந்து எடுத்துக் குடுங்க.” போவேன், எடுப்பேன், மரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவேன். கொஞ்ச நாள் கழித்து அதே தோட்டத்திலிருந்து மறுபடி போன் வரும்.

எனக்கு வருமானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரே மரத்தின் குருத்தில் திரும்பத் திரும்பக் கம்பி விடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் இப்போதெல்லாம் மெஷினை இறக்கி வைத்ததும் என் முதல் கேள்வி, “எருக்குழி எங்கே இருக்குது?” என்பதுதான். பாரூர் பக்கம் ஒரு பாட்டி இதற்குச் சண்டைக்கே வந்துவிட்டார். “ஏஞ்சாமி, மரம் ஏற வந்தவன் என் குப்பைமேட்டைக் கிளர்றியே, அதுல என்னத்தப் போட்டு வெச்சிருக்கற?” “நான் போடலீங்க ஆயா, வண்டு போட்டு வெச்சிருக்குது” என்று ஒரு மண்வெட்டி வாரிக் காட்டினேன். தடித்தடியாக ஏழெட்டுப் புழு உருண்டு விழுந்தது. பாட்டி பேச்சை நிறுத்திவிட்டுக் கோழிகளைக் கூப்பிடப் போய்விட்டார்.

கொண்டையில் நாம் பிடிக்கிற வண்டு வளர்ந்து முடிந்த வண்டு. அது பிறந்தது, வளர்ந்தது, கூடு கட்டியது எல்லாம் கீழே குப்பையில். அதனால் கீழே செய்ய வேண்டிய வேலையை முதலில் சொல்கிறேன், மரத்தில் செய்ய வேண்டியதை அப்புறம்.

வண்டின் கணக்கு

கொம்பு வண்டு, காண்டாமிருக வண்டு, குருத்து வண்டு என்று தோட்டத்துக்கு ஒரு பெயர் சொல்வார்கள், எல்லாம் ஒன்றுதான். நாலு, ஐந்து சென்டிமீட்டர் நீளம், கருப்பு அல்லது கருஞ்சிவப்பு. ஆணுக்குத் தலையில் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. கொம்பை மட்டும் நம்பினால் சில சமயம் குழம்பும். திருப்பிப் பிடித்து வால் பக்கம் பாருங்கள். செம்பட்டை மயிர் அடர்த்தியாக இருந்தால் பெண். கையில் எடுத்தால் கீச்கீச் என்று சத்தம் போடும், கடிக்காது. கால் முள் மட்டும் விரலைக் கீறும்.

கொம்பால்தான் மரத்தைத் துளைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியானால் குட்டைக் கொம்பு வைத்திருக்கிற பெண் வண்டு அதே அளவு ஓட்டையை எப்படிப் போடும்? துளைப்பது தாடையும் முன்னங்கால் முள்ளும். கொம்பு ஆணும் ஆணும் முட்டிக்கொள்ள.

இந்த வண்டு தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியாக் காடுகளில் பட்டுப்போன பனை வகை மரங்களிலும் மக்கிய கட்டைகளிலும் வளர்ந்து வந்தது. நாம் அதற்குப் பக்கத்திலேயே தென்னந்தோப்பு வைத்து, தோப்புக்குள்ளேயே மக்கிய எருவையும் குவித்து வைத்துவிட்டோம். காட்டில் அது தேடி அலைந்த சாப்பாடும் பிரசவ அறையும் இங்கே பத்தடி தூரத்தில் கிடைக்கிறது.

பெண் வண்டு மக்கிய எருவில் விரல் ஆழத்துக்கு உள்ளே போய் முட்டை வைக்கும். ஆயுளில் நூறு முட்டைக்கு மேலும் வைக்கக்கூடியது. முட்டை வெள்ளையாக, மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கும், எருவில் கண்ணுக்குச் சட்டென்று படாது. 8 முதல் 18 நாளில் பொரியும். புழுப் பருவம்தான் நீளம், மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. மழை, சூடு, தீனி இவற்றைப் பொறுத்துக் கூடும் குறையும். நடுவில் இரண்டு தடவை தோல் உரிக்கும். கடைசிக் கட்டத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, விரலைவிடத் தடித்து, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். அதற்கு அப்புறம் குழியின் அடியில் ஈர மண்ணைக் குழைத்து, உள்சுவர் வழவழவென்று இருக்கிற முட்டை வடிவக் கூடு செய்து, அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும். கூட்டை உடைத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் கை கால் மடக்கிய உருவம் இருக்கும். ஆணாக இருந்தால் அந்தப் பருவத்திலேயே கொம்பு முளைத்திருக்கும். சுமார் மூன்று வாரத்தில் வண்டாகும். உடனே வெளியே வராது, தோல் கெட்டிப்படும்வரை இன்னும் இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மழை பெய்து மண் இளகியதும் இருட்டுகிற நேரத்தில் கிளம்பிப் பக்கத்துத் தென்னைக்குப் போகும். ஆறு மாதம் வரை உயிரோடு இருக்கும். சாறு குடிக்க மரம், முட்டை வைக்கக் குப்பை என்று மாறி மாறிப் பறந்துகொண்டிருக்கும்.

கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். முட்டையிலிருந்து வண்டாகி வெளியே வர எப்படியும் நாலைந்து மாதம் தேவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எருக்குழியை அடிவரை புரட்டினால் அந்தக் குழியிலிருந்து ஒரு வண்டுகூட முழுதாக வெளியே வர முடியாது. மருந்துக் கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியது இந்த வேலைதான்.

முன்பெல்லாம் இது தானாக நடந்தது. சித்திரை, வைகாசியில் வண்டி கட்டி எருவை எல்லாம் நிலத்துக்கு அடித்துவிடுவார்கள். ஆடிப்பட்டத்துக்கு முன் குழி காலி, அடியில் இருந்த புழுவைக் காக்கையும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். இப்போது வீட்டுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு. சாணி கொஞ்சம் கொஞ்சமாகக் குழிக்குப் போகிறது, எடுக்க ஆள் கிடைப்பதில்லை, மூட்டை உரம் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இரண்டு வருடம் அசையாத குழிகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். வண்டுக்கு அதைவிடச் சொகுசு வேண்டாம்.

குழியைப் புரட்டுவது

தேதி மறக்காமல் இருக்க நான் சொல்கிற கணக்கு: பொங்கல், சித்திரை ஒன்று, ஆடி ஒன்று, தீபாவளி. நாலுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று மூன்று மாதம் இருக்கிறது. இதில் சித்திரைப் புரட்டல்தான் முக்கியம். கோடை மழை இறங்குவதற்கு முன் கூட்டுக்குள் இருக்கிற வண்டையும் கூட்டுப்புழுவையும் பிடித்துவிடலாம். இதைத் தவறவிட்டால் ஆனி, ஆடியில் மரத்தில் சந்திக்க வேண்டியதுதான்.

காலையிலேயே ஆரம்பியுங்கள். வெயில் ஏறுவதற்குள் பாதி வேலை முடியும், அந்த நேரத்தில்தான் பறவைகளும் பசியோடு இருக்கும். நடுவில் கைவைக்காமல் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள். புதுச்சாணி விழுகிற நடுப்பகுதி சூடாக இருக்கும், புழுவுக்கு அது ஆகாது. ஆறி, பொலபொலவென்று மக்கி, ஈரம் இருக்கிற ஓரங்களில்தான் கூட்டம். வாரிப் போட்ட எருவில் இரண்டு முனையும் தட்டையாக, கருப்பாக, குறுணை குறுணையாக ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். அது புழுவின் எச்சம். குறுணை நிறைய இருந்து புழு தென்படவில்லை என்றால் இன்னும் கீழே போங்கள்.

எருவைக் குழிக்குப் பக்கத்தில் அரைச்சாண் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பிவிடுங்கள். வெயிலில் காய்ந்தால் முட்டையும் குஞ்சுப் புழுவும் தாங்காது. பெரிய புழுவைக் கோழி பொறுக்கும். கோழி இல்லாதவர்கள் மணல் சலிக்கிற சாய்வுச் சல்லடையில் எருவை எறிந்தால் புழு தனியாக உருண்டு கீழே வந்துவிடும், சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடலாம். வீடு கட்டுகிறவர்களிடம் ஒரு நாளைக்கு இரவல் கேட்டால் கொடுப்பார்கள்.

எருவை எடுத்து முடித்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். குழியின் அடிமண்ணையும் சுவரோரத்தையும் கடப்பாரையால் ஒரு முழ ஆழத்துக்குக் கிளறுங்கள். நான் சொன்ன மண்கூடுகள் அங்கேதான் இருக்கும். ஒரு கூட்டை உடைத்தால் மழைக்குக் காத்திருந்த ஒரு வண்டு காலி.

இடம் இருந்தால் ஒரு பெரிய குழிக்குப் பதில் இரண்டு சின்னக் குழி வையுங்கள். ஒன்று நிரம்பும்போது இன்னொன்றைக் காலி செய்யலாம், புரட்டல் என்று தனி வேலை வைக்கத் தேவையில்லை.

எல்லாப் புழுவையும் கொல்ல வேண்டாம்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எருவில் இருக்கிற வெள்ளைப் புழு எல்லாம் கொம்பு வண்டு கிடையாது. பூவையும் கனிந்த பழத்தையும் மொய்க்கிற பூ வண்டுகளின் புழுவும் அதே எருவில்தான் வளரும். மாந்தோப்பு நிறைய இருக்கிற நம் மாவட்டத்தில் அந்த வண்டுக்குப் பஞ்சமில்லை. அதன் புழு தென்னையை ஒன்றும் செய்யாது. எருவைத் தின்று நன்றாகத் தூளாக்கிக் கொடுக்கிறது, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அடையாளம் காண ஒரு சுலபமான வழி. புழுவை எடுத்துச் சமமான தரையில், சிமென்ட் களத்தில் வைத்தால் இன்னும் நல்லது, விட்டுவிட்டு இரண்டு அடி தள்ளி நில்லுங்கள். பூ வண்டுப் புழு கொஞ்ச நேரத்தில் மல்லாந்து படுத்து, கால் ஆறும் மேலே பார்த்திருக்க, முதுகாலேயே நெளிந்து நெளிந்து நகர்ந்து போகும். முதுகில் இருக்கிற மயிர்தான் அதற்குப் பிடிமானம். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கொம்பு வண்டின் புழுவோ ஒருக்களித்துச் சுருண்டு கிடக்கும், நகர்ந்தாலும் பக்கவாட்டில் தட்டுத் தடுமாறித்தான் நகரும். தலையையும் பாருங்கள். கொம்பு வண்டுப் புழுவுக்கு உடம்புக்குத் தகுந்த அகலமான, கரும்பழுப்புத் தலை. பூ வண்டுப் புழுவுக்கு உடம்பு பெரிது, தலை சின்னது.

நிலக்கடலை வயலில் வேரைக் கடிக்கிற வேர்ப்புழு இன்னொரு வகை. அது மண்ணில் இருக்கும், இந்தக் கதையில் சேராது. தென்னைத் தண்டைக் குடைந்து உள்ளே இருக்கிற கால் இல்லாத புழு சிவப்புக் கூன்வண்டினுடையது. கொம்பு வண்டின் புழுவுக்கு மூன்று ஜோடிக் கால் உண்டு, உயிருள்ள தண்டுக்குள் அது வாழாது. தண்டில் புழு இருக்கிறது, கொம்பு வண்டுதான் காரணம் என்று யாராவது மருந்து எழுதிக் கொடுத்தால் ஒருமுறை யோசியுங்கள்.

பென்னாகரம், அஞ்செட்டி பக்கம் காட்டோரம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யானைச் சாணத்தில் கிடைக்கிற பெரிய கருப்புச் சாணி வண்டுகளிலும் கொம்பு வைத்தவை உண்டு. அவற்றுக்குத் தென்னையோடு எந்தத் தொடர்பும் இல்லை. சாணத்தை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவைதான். அடிக்காதீர்கள்.

பச்சைப் பூசணம்

அடிக்கடி புரட்ட ஆள் இல்லை, அல்லது குழி மிகவும் பெரிது என்றால் மெட்டாரைசியம் என்கிற பச்சை மஸ்கார்டைன் பூசணத்தைப் பயன்படுத்தலாம். வேளாண்மை விரிவாக்க மையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். திரவமாகக் கிடைத்தால் 250 மில்லியை 750 மில்லி தண்ணீரில் கலந்து எரு மேல் தெளித்துக் கிளறிவிடச் சொல்வார்கள். தூளாகக் கிடைத்தால் பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவைப் பின்பற்றுங்கள். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குவது முக்கியம், அது உயிருள்ள பொருள். சாயங்காலம் தெளியுங்கள், எரு ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த எருவில் போட்டால் காசு வீண்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? சில வாரம் கழித்துக் கிளறிப் பாருங்கள். பூசணம் பிடித்துச் செத்த புழு அழுகி நாறாது, விறைத்துக் கெட்டியாகிவிடும். முதலில் மேலே வெள்ளைப் பூச்சு, அப்புறம் அது பச்சைத் தூளாக மாறும். அந்தப் புழுவை எடுத்து எறியாமல் அங்கேயே விடுங்கள், அதிலிருந்து அடுத்த புழுவுக்குத் தொற்றும்.

சில குழிகளில் வேறு மாதிரிச் சாவு பார்த்திருப்பீர்கள். புழு ஊதி, உடம்பு கண்ணாடியாக வெளுத்து, எருவின் மேல்பரப்புக்கு வந்து கிடக்கும். அது வைரஸ். ஹூகர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1963-ல் மலேயாவில் கண்டுபிடித்தது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1909-ல் இலங்கையிலிருந்து சமோவா தீவுக்குப் போன ரப்பர் கன்றுகளோடு நம் பக்கத்து வண்டும் கப்பல் ஏறிப் போய், அங்கே அதை அடக்க எதிரியே இல்லாமல் தென்னையைச் சூறையாடியது. 1967-ல் இந்த வைரஸைக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அங்கே வண்டு குறைந்தது. நோய் ஏற்றிய வண்டுகளை ஹெக்டேருக்குப் பத்துப் பதினைந்து என்று தோப்பில் விடும் முறை நம் ஊர்ப் பரிந்துரையிலும் உண்டு. கிடைக்கிற இடம் குறைவு, கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

பட்டுப்புழு வளர்ப்பவர்களே, வளர்ப்பு மனைக்குப் பக்கத்தில் இந்தப் பூசணத்தைக் கையாளாதீர்கள். தெளித்த கையோடும் துணியோடும் மனைக்குள் போகவும் வேண்டாம்.

மற்ற பிரசவ அறைகள்

எருக்குழி சுத்தமாக இருந்தும் வண்டு வருகிறது என்றால் சுற்றிப் பாருங்கள். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த வருடம் நம் பக்கம் தென்னை நிறையக் கருகியது. தலை இல்லாமல் நின்ற அந்த மரங்களைப் பலர் வெட்டாமல் அப்படியே விட்டார்கள். பட்ட மரத்தின் உச்சி மக்கி, உள்ளே சோறு மாதிரி ஆகிவிடும், முப்பது அடி உயரத்தில் ஒரு எருக்குழி. பட்ட மரத்தை வெட்டினால் துண்டாகக் கிடக்கவிடாமல் பிளந்து காயவைத்து விறகாக்குங்கள். அடிக்கட்டையையும் தோண்டி எடுங்கள்.

அப்புறம் நார்க்கழிவு. மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து, வருடக்கணக்கில் கிடக்கிற தூள். தோப்புக்குள் மூடாக்குக்கு என்று கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒரு பருவம் தாண்டியும் பரப்பாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. கொண்டுவந்த வாரமே பரப்பிவிட வேண்டும், இல்லையென்றால் கொண்டுவரவே வேண்டாம். மண்புழு உரத் தொட்டியிலும் புழு வரும், மேலே வலை போட்டு மூடுங்கள்.

பக்கத்துத் தோட்டத்துக் குழியை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வண்டுக்கு வேலி தெரியாது என்பது உண்மைதான். நான் பார்த்த வரையில், குறை சொல்லிக்கொண்டு போனால் வேலை நடக்காது. உங்கள் குழியில் எடுத்த புழுவை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போய், “மாமா, நம்ம குழியில இவ்வளவு இருந்துச்சு, உங்களுதுலயும் பாத்துக்கலாமா? நானும் வரேன்” என்று கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு குழியும் புரட்டி முடித்த தோட்டங்கள் எனக்குத் தெரியும்.

மரத்தில்

ஓலை விரியும்போது இரண்டு பக்கமும் ‘வி’ வடிவத்தில், விசிறியைக் கத்தரியால் வெட்டிவிட்ட மாதிரி தெரியும். அதைப் பார்த்ததும் பதறிப் போன் செய்கிறார்கள். அந்த வெட்டு பழையது. குருத்து மடிந்திருக்கும்போது வண்டு போட்ட ஒரே ஓட்டை, ஓலை விரிந்ததும் வரிசையாக வெட்டுகளாகத் தெரிகிறது. தின்ற வண்டு அதற்குள் வேறு மரம் போயிருக்கும். வண்டு இப்போது உள்ளே இருக்கிறதா என்பதற்கு அடையாளம் குருத்தடியில் ஓட்டையும், அதன் வாயில் துருத்திக்கொண்டிருக்கிற நார்ச்சக்கையும்தான். சக்கை ஈரமாக, வெளிர் நிறமாக, புளித்த வாசனையோடு இருந்தால் ஆள் உள்ளே. காய்ந்து பழுப்பாகியிருந்தால் ஏறுகிற கூலி மிச்சம். பாளை விரியுமுன்பே ஓட்டை விழுந்து காய்ந்திருந்தால் அதுவும் இதன் வேலைதான். ஒரு பாளை போனால் ஒரு குலை போச்சு.

ஈரச் சக்கை இருக்கிற மரத்தில் மட்டும் ஏறி, முனையில் சின்னக் கொக்கி வைத்த கம்பியை ஓட்டையின் வளைவோடு மெதுவாக விட வேண்டும். வண்டு தட்டுப்பட்டதும் ஒரு திருகு, ஒரு இழுப்பு. கோபத்தில் நாலு பக்கமும் குத்துகிறவர்களை ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கிற மொட்டில் கம்பி பட்டால் வண்டு செய்யாததை நீங்கள் செய்ததாகிவிடும், தென்னைக்கு அந்த ஒரு மொட்டுதான்.

எடுத்த பிறகு ஓட்டையைச் சும்மா விடக்கூடாது. காய்ந்த காயத்தைத் தேடி சிவப்புக் கூன்வண்டு வராது, பச்சைக் காயத்தைத் தேடித்தான் வரும். மழைக்காலத்தில் குருத்தழுகலும் அந்த வழியாகவே இறங்கும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் கணக்கில் மேல் மூன்று மட்டைகளின் இடுக்கில் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் பாச்சை உருண்டை மூன்று, மட்டைக்கு ஒன்றாக வைத்து மேலே மணல் போட்டு மூடி, 45 நாளைக்கு ஒருமுறை மாற்றலாம். நான் வேப்பங்கொட்டைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். முன்பு மணலோடு கலந்து போட்டுவந்த போரேட் குருணை 2020 டிசம்பர் கடைசியோடு நாட்டிலேயே தடை. எங்கேயாவது பழைய பாக்கெட் வைத்துக்கொண்டு “மேல போட்டுட்டு வா தம்பி” என்று சொன்னால் நான் ஏறுவதில்லை. அதன் தூளை மூக்குக்கு நேரே வைத்துக் கொட்டுவது நான்தானே.

இனக்கவர்ச்சிப் பொறி பற்றிச் சுருக்கமாக. ஆண் வண்டு விடுகிற வாசனையைச் செயற்கையாகச் செய்து வாளியில் தொங்கவிடுவது, ஆண் பெண் இரண்டும் வரும். இரண்டு ஹெக்டேருக்கு ஒன்று போதும். தோப்பின் நடுவில், அதிலும் சின்னக் கன்றுகளுக்குப் பக்கத்தில் கட்டினால் வாளிக்கு வருகிற வண்டு வழியில் உங்கள் கன்றிலேயே இறங்கிவிடும். ஓரத்தில் கட்டுங்கள். காசு செலவழிக்க முடியாதவர்கள் ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்சட்டிகளில் ஊற்றி அங்கங்கே வைக்கலாம். புளிக்கிற வாசனைக்கு வந்து விழும். தினமும் பார்த்து எடுக்க வேண்டும், நாறுகிறது என்று வீட்டில் திட்டு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை.

வலை

அரசம்பட்டிக் கன்று வாங்கிப் புதிதாக நட்டவர்களுக்குப் பெரிய மரத்தைவிட இதில்தான் கவனம் வேண்டும். பெரிய மரம் நாலு ஓலை போனாலும் தாங்கும், கன்றில் குருத்து போனால் கன்றே போகும். கிருஷ்ணகிரி அணையிலும் பாரூர் ஏரியிலும் மீன் பிடிக்கிறவர்களிடம் கிழிந்த நைலான் வலை கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். கண் ஒரு அங்குலம் இருக்கிற மெல்லிய வலையாகப் பாருங்கள். ரொம்பச் சின்னக் கண்ணாக இருந்தால் வண்டு மேலே நடந்து போய்விடும், சிக்காது. அதைக் கன்றின் மட்டை இடுக்குகளில் தளர்வாகச் சுற்றிவிட்டால் இறங்குகிற வண்டின் கால் முள் மாட்டிக்கொள்ளும். குருத்து மேலே வரும்போது இறுக்காதபடி மாதம் ஒருமுறை தளர்த்திவிட வேண்டும்.

அதே வலையை எருக்குழியின் மேலும் விரிக்கலாம். முட்டை வைக்க இறங்குகிற வண்டும் சிக்கும், உள்ளேயிருந்து கிளம்புகிற வண்டும் சிக்கும். சாணி கொட்டும் பக்கம் மட்டும் தூக்கிவிட்டு மறுபடி மூடுங்கள். தினமும் காலையில் ஒரு பார்வை பார்க்க வேண்டும். எலி தேடி வருகிற சாரைப்பாம்பு சில சமயம் மாட்டிக்கொண்டு கிடக்கும். அது விஷமில்லாதது, தோட்டத்துக்கு வேண்டியது. ஆனால் சாரைதானா என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் கை வைக்காமல் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். தெரிந்தவர் ஒருவர் கோணிச் சாக்கால் தலையை மூடிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கத்தரியால் வலையை வெட்டிவிட்டால் போதும். வலை போனால் போகிறது, அணையில் இன்னொன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.